வைஃபை அதிர்வெண் பட்டைகள்

வைஃபை அதிர்வெண் பட்டைகள் என்பவை, கம்பியில்லாக் கணினிப் பிணையங்கள் தரவை அனுப்பவும் பெறவும் பயன்படுத்தும் வானொலி அலைகளின் அதிர்வெண் எல்லைகள் ஆகும். தமிழில் அருகலை என்றும் அழைக்கப்படும் வைஃபை, இன்று பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு பட்டைகளில் இயங்குகிறது. 6 ஜிகாஹெர்ட்ஸ் என்னும் மூன்றாவது பட்டை சில நாடுகளில் 2020 முதல் புழக்கத்துக்கு வந்துள்ளது. சுருக்கமாகச் சொன்னால் 2.4 தூரம் செல்லும், ஆனால் வேகம் குறைவு. 5 வேகம் கொடுக்கும், ஆனால் சுவர்களைத் தாண்டத் திணறும். இந்த ஒரு வரி பெரும்பாலும் சரியே. ஆனால் அது ஏன் அப்படி, எங்கே அது பொருந்தாது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் வீட்டில் பயன்படும்.

இப்போது விழுப்புரம், செஞ்சிப் பகுதிக் கிராமங்களிலும் கண்ணாடி இழைக் கம்பி வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. கம்பி வழியாக 100 மெகாபிட் வேகம் வருகிறது. மாடி அறையில் உட்கார்ந்து இணையவழி வகுப்பைப் பார்க்கும் பிள்ளைக்கோ அதில் பத்தில் ஒரு பங்கும் கிடைப்பதில்லை. உடனே பெரியவர்கள் அதிக விலையுள்ள திட்டத்துக்கு மாறுகிறார்கள். வேகம் கூடுவதில்லை, மாதக் கட்டணம் மட்டும் கூடுகிறது. குறை கம்பியில் இல்லை, கடைசிப் பத்து மீட்டரில் இருக்கிறது. மண்டகப்பட்டில் இதை எழுதுபவரின் வீட்டிலேயே சில மாதங்கள் இப்படிப் பணம் போயிற்று.

பெயர்க் குழப்பம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். திசைவி எனப்படும் ரூட்டரை நிறுவும் பணியாளர் இரண்டு பெயர்களை வைத்துவிட்டுப் போவார். ஒன்று வீட்டுக்காரர் பெயர். மற்றொன்று அதே பெயருடன் '5ஜி' என்ற ஒட்டு. இந்த 5ஜி வேறு, செல்பேசி நிறுவனங்கள் விளம்பரம் செய்யும் 5ஜி வேறு. செல்பேசியில் 'ஜி' என்பது தலைமுறையைக் குறிக்கும். ஐந்தாம் தலைமுறை என்று பொருள். திசைவியில் 'ஜி' என்பது ஜிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம். எனவே 4ஜி செல்பேசி வைத்திருப்பவர் "என் போன் 4ஜிதான், அந்த 5ஜி வைஃபை எனக்கு வேலை செய்யாது" என்று ஒதுங்கத் தேவையில்லை. செல்பேசி இரு பட்டை வைஃபை கொண்டதாக இருந்தால் போதும். அண்மை ஆண்டுகளில் வந்த பெரும்பாலான செல்பேசிகள் அப்படிப்பட்டவையே. மிக மலிவான சில செல்பேசிகளும், வைஃபை கண்காணிப்புக் கேமரா, மின்விளக்கு, மின்செருகி போன்ற கருவிகளில் பலவும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. அவற்றின் பட்டியலில் 5 தெரியாவிட்டால் அது பழுது அல்ல.

அதிர்வெண்ணும் அலைநீளமும்

ஒரு நொடியில் அலை எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண். ஒரு ஜிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 100 கோடி அதிர்வு. வானொலி அலை ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், அதிர்வெண் கூடினால் அலைநீளம் குறையும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், ஒரு சாண் நீளத்தில் பாதிக்குச் சற்று மேல். 5.5 ஜிகாஹெர்ட்ஸில் அது 5.5 சென்டிமீட்டர். 6 ஜிகாஹெர்ட்ஸில் 5 சென்டிமீட்டர். கீழே சொல்லப்படும் வேறுபாடுகளில் பல இந்த அலைநீளத்திலிருந்து பிறப்பவை.

வலிமையின் ஏற்ற இறக்கத்தை டெசிபல் என்னும் அலகில் சொல்வது வழக்கம். மூன்று எண்களை நினைவில் வைத்தால் போதும். 3 டெசிபல் இழந்தால் வலிமை பாதியாகும். 7 டெசிபல் இழந்தால் ஐந்தில் ஒரு பங்காகும். 10 டெசிபல் இழந்தால் பத்தில் ஒரு பங்காகும். இழப்புகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகலாம் என்பது இந்த அலகின் வசதி.

திறந்த வெளியில் தூரம்

"5 ஜிகாஹெர்ட்ஸ் அலையைக் காற்று விழுங்கிவிடும்" என்று சொல்லக் கேட்கலாம். இது தவறு. வீட்டளவு தூரத்தில் காற்று இந்த இரண்டு அலைகளையும் விழுங்குவதில்லை. அலை பரவப் பரவ மெலிவதும் இரண்டுக்கும் ஒன்றே: தூரம் இரண்டு மடங்கானால் வலிமை நான்கில் ஒன்றாகும். அப்படியானால் வேறுபாடு எங்கே வருகிறது? பெறும் ஆன்டெனாவில் வருகிறது.

மழைநீரைப் பிடிக்கப் பாத்திரம் வைப்பதை எண்ணிப் பாருங்கள். மழை ஒன்றுதான், வாய் அகன்ற அண்டாவில் அதிகம் சேரும், டம்ளரில் குறைவாகச் சேரும். செல்பேசிக்குள் இருக்கும் ஆன்டெனாவின் 'வாய்' அலைநீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அலைநீளம் பாதியானால் ஆன்டெனா பிடிக்கும் பரப்பு நான்கில் ஒன்றாகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸுடன் ஒப்பிட்டால் 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் இந்தக் காரணத்தால் மட்டும் 6.5 முதல் 7.5 டெசிபல் வரை குறைகிறது. பத்து மீட்டர் தூரத்தில், தடையே இல்லாத வெளியில், 2.4-இல் இழப்பு 60 டெசிபல் என்றால் 5-இல் 67 டெசிபல். அதாவது ஒரே இடத்தில், ஒரே சக்தியில் அனுப்பினாலும், ஐந்தில் ஒரு பங்குதான் கைக்கு வருகிறது.

தட்டு வடிவ ஆன்டெனாவை இரு முனையிலும் ஒன்றையொன்று பார்க்க வைத்தால் இந்த விதி தலைகீழாகிறது. அங்கே பாத்திரத்தின் வாயை நாமே நிர்ணயிக்கிறோம். ஒரே அளவுள்ள தட்டு, அலைநீளம் குறையும்போது அலையை இன்னும் ஒடுக்கமாகக் குவிக்கும். ஆகவே உயர் அதிர்வெண்ணே நன்றாகச் செல்லும். '5 என்றால் தூரம் போகாது' என்பதை இயற்கை விதி போலச் சொல்வது ஆகையால் சரியல்ல. அது சிறு ஆன்டெனாக்களுக்கும் சுவருள்ள வீடுகளுக்கும் உரிய விதி.

சுவரும் தளமும்

மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாறையைக் குடைந்து அமைத்த குடைவரைக் கோயில் உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவை எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு இக்கோயிலை அமைத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. அரசன் விலக்கிவைத்த அந்த நான்கு பொருட்களால்தான் நம் வீடுகள் எழும்புகின்றன. வைஃபை அலை நான்கையும் நான்கு விதமாகச் சந்திக்கிறது.

உலர்ந்த மரம் இரண்டு பட்டைகளுக்கும் பெரிய தடையில்லை. மரக்கதவை மூடினால் சிறிது குறையும், அவ்வளவே. சாதாரணச் சன்னல் கண்ணாடியும் இப்படியே. பழைய ஓட்டு வீடுகளில், மரச்சட்டத்தின் மேல் ஓடு வேய்ந்த கூடத்தில், 5 ஜிகாஹெர்ட்ஸ் தாராளமாகப் பரவுவதற்கு இதுவே காரணம். ஓட்டு வீட்டில் இருந்தவர் புது மாடி வீடு கட்டிக் குடிபோன பிறகு "பழைய வீட்டில் நன்றாக வந்ததே" என்று குறைப்பட்டால் அவர் சொல்வது உண்மை.

செங்கல் நடுத்தரத் தடை. 9 அங்குலச் சுவர் ஒன்று அலையைக் கணிசமாகக் குறைக்கும், ஆனால் 2.4, 5 இரண்டுக்கும் இடையே செங்கல்லில் வேறுபாடு சிறிதே. ஈரம் ஏறிய சுவர் கூடுதலாக விழுங்கும். பூச்சு காயாத புதுச் சுவரிலும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறிய வெளிச்சுவரிலும் இதைக் காணலாம்.

கான்கிரீட்தான் இரண்டு பட்டைகளையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும் பொருள். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கட்டுமானப் பொருட்களுக்கு ஒரு கணக்கீட்டு முறையைத் தந்துள்ளது. அதன்படி கான்கிரீட் அலையை உட்கவரும் அளவு அதிர்வெண்ணுடன் விரைந்து உயர்கிறது. 12 சென்டிமீட்டர் தளத்தில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை 6 முதல் 8 டெசிபல் வரை இழந்தால், 5.5 ஜிகாஹெர்ட்ஸ் அலை 11 முதல் 15 டெசிபல் வரை இழக்கும். இது கான்கிரீட் உட்கவர்வதற்கான கணக்கு மட்டுமே. மேற்பரப்பில் எதிரொளித்துத் திரும்புவதும், உள்ளே கட்டிய இரும்புக் கம்பி வலையின் குறும்பும் தனி.

இப்போது கூட்டிப் பார்ப்போம். கீழ்த்தளக் கூடத்தில் திசைவி, மேல்தளத்தில் செல்பேசி, நடுவே ஒரு தளம். தளத்தில் மட்டும் இரண்டு பட்டைகளுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 7 டெசிபல். ஆன்டெனா காரணமாக முன்னே சொன்ன 7 டெசிபல். மொத்தம் 14. அதாவது மாடியில் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் 25-இல் ஒரு பங்கு வலிமையுடன்தான் வந்து சேர்கிறது. மாடிப்படி ஏறும்போது செல்பேசித் திரையில் '5ஜி' பெயர் மறைந்து மற்றது மட்டும் நிற்பதன் கணக்கு இதுதான்.

உலோகம் எந்தப் பட்டையையும் விடாது. எதிரொளித்துத் திருப்பி அனுப்பும். இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, தகரக் கூரை, இரும்பு ஷட்டர் ஆகியவை இதில் அடங்கும். பீரோவில் பதித்த ஆளுயரக் கண்ணாடியும் உலோகப் பூச்சு உடையதே. திசைவியைக் கண்ணுக்கு மறைவாக வைப்பதாக எண்ணி பீரோவின் பின்னால் வைப்பவர்கள் உண்டு. அது விளக்கை ஏற்றி மரக்காலால் மூடுவதற்குச் சமம்.

தண்ணீரும் அலையை உட்கவரும். நிரம்பிய நீர்த்தொட்டியும், கூட்டமாக நிற்கும் மனிதர்களும் தடைகளே. இங்கே ஒரு தவறான செய்தி பாடக் குறிப்புகளில்கூடப் புகுந்துவிட்டது: 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்பது நீர் மூலக்கூற்றின் 'இயல்பு அதிர்வெண்' என்பதால்தான் மைக்ரோவேவ் அடுப்பு அதைப் பயன்படுத்துகிறது என்பார்கள். அப்படியில்லை. நீர் வானொலி அலைகளை மிக அதிகமாக உட்கவரும் இடம் அறை வெப்பநிலையில் 20 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. 2.45 ஜிகாஹெர்ட்ஸ் அடுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம், அந்தப் பட்டை தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்ததும், அலை உணவின் உள்ளே ஓரளவு ஆழம் செல்வதும்.

பாறையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. குடைவரையின் சுவரைப் போல மீட்டர் கணக்கில் தடித்த கருங்கல்லை இந்தப் பட்டைகளில் எதுவும் பயன்படும் வலிமையுடன் தாண்டாது.

வேகம் எங்கிருந்து வருகிறது

5 ஜிகாஹெர்ட்ஸ் அலை வேகமாக ஓடுவதில்லை. இரண்டும் ஒளியின் வேகத்தில்தான் செல்கின்றன. தரவு வேகம் கூடுவதற்கு முதற்காரணம் இட வசதி. 2.4 பட்டையின் மொத்த அகலம் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 83.5 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் வைஃபைக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது 605 மெகாஹெர்ட்ஸ். ஏழு மடங்குக்கும் மேல்.

கிளாட் ஷானன் 1948-இல் நிறுவிய தகவல் கோட்பாட்டின்படி, ஒரு தடத்தில் அனுப்பக்கூடிய தரவின் உச்ச அளவு அத்தடத்தின் அகலத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். குறிப்பலை வலிமையைக் கூட்டுவதால் கிடைக்கும் ஆதாயம் மிக மெதுவாகவே கூடும். ஊர்ச் சாலையில் வண்டியின் குதிரைத்திறனைக் கூட்டுவதைவிடச் சாலையை அகலப்படுத்துவது பயன் தருவது போல. 2.4-இல் பொதுவாக 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள தடத்தைத்தான் நிம்மதியாகப் பயன்படுத்த முடியும். 5-இல் 80 மெகாஹெர்ட்ஸ் தடம் சாதாரணம், 160-உம் உண்டு.

இதனால் வரும் வேறுபாடு எண்களில் தெரியும். ஒரே ஓர் ஆன்டெனா கொண்ட செல்பேசி, வைஃபை 4 எனப்படும் 802.11என் தரத்தில், 2.4 பட்டையின் 20 மெகாஹெர்ட்ஸ் தடத்தில் நொடிக்கு அதிகபட்சம் 72 மெகாபிட் வேகத்தில் இணையும். அதே செல்பேசி வைஃபை 5 எனப்படும் 802.11ஏசி தரத்தில், 5 பட்டையின் 80 மெகாஹெர்ட்ஸ் தடத்தில் 433 மெகாபிட் வேகத்தில் இணையும். இரண்டு ஆன்டெனா இருந்தால் இந்த எண்கள் முறையே 144, 867 ஆகும். பெட்டியின் மேல் அச்சிட்ட பெரிய எண்கள் எல்லாம் இரண்டு பட்டைகளின் உச்சங்களையும் கூட்டிப் போட்டவை. எந்த ஒரு கருவிக்கும் அந்தக் கூட்டுத்தொகை கிடைக்காது. உண்மையில் கைக்கு வருவது இணைப்பு வேகத்தில் பாதியோ சற்று மேலோதான். மீதி, தலைப்புச் செய்திகளுக்கும் முறை காத்திருப்பதற்கும் போய்விடும்.

72-இல் பாதி 36. நூறு மெகாபிட் திட்டம் வாங்கிய வீட்டில், 2.4-இல் இணைந்த இப்படிப்பட்ட செல்பேசி ஒருபோதும் நூறைக் காட்டாது. இருநூறு மெகாபிட் திட்டத்துக்கு மாறினாலும் அதே 36-தான். இந்தக் கணக்கைப் போடாமல் பணம் கட்டுவதைத்தான் முதலில் குறிப்பிட்டோம்.

அகலமான தடத்துக்கும் ஒரு விலை உண்டு. தடம் நான்கு மடங்கு அகன்றால் உள்ளே வரும் இரைச்சலும் நான்கு மடங்காகும். அது 6 டெசிபல். எனவே தூரத்து அறையில் 5 ஜிகாஹெர்ட்ஸ் தடுமாறினால், திசைவியின் அமைப்பில் தட அகலத்தை 80-இலிருந்து 40 அல்லது 20-க்குக் குறைத்துப் பார்க்கலாம். உச்ச வேகம் குறையும்; எட்டும் தூரம் சற்றுக் கூடும்.

நெரிசல்

2.4 பட்டையில் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 13 தடங்கள் எண்ணிடப்பட்டுள்ளன. ஒவ்வொரு தடமும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் பிடிப்பதால் பக்கத்துத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. மோதாமல் அமையக்கூடியவை மூன்றே: 1, 6, 11. வைஃபையில் ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர்கள் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். வகுப்பறையில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து விடை சொல்வது போல. பக்கத்து வீட்டுத் திசைவியும் அதே தடத்தில் இருந்தால் அதுவும் இதே வகுப்பின் மாணவர்தான். 3 அல்லது 4-ஆம் தடத்தில் வைத்தால் நிலை இன்னும் மோசம். பக்கத்து வீட்டார் பேசுவது சொல்லாகக் கேட்காது, இரைச்சலாக மட்டும் கேட்கும்; முறை வைத்துப் பேசவும் முடியாது.

போதாக்குறைக்கு புளூடூத் காதணிபேசி, கம்பியில்லாச் சுட்டி, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இதே பட்டையில் உள்ளன. இதனால்தான் திரையில் நான்கு கோடும் நிறைந்திருந்தும் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. கோடுகள் காட்டுவது வலிமையை, நெரிசலை அல்ல.

கிராமத்தில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் தெருவில் இது பெரிதாகத் தெரியாது. செஞ்சி கடைத்தெருவிலோ, சென்னையின் அடுக்ககத்திலோ 2.4 பட்டை பேருந்து நிலையம் போல இருக்கும். அங்கே 5 ஜிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டாத குறையே நிறையாகிறது: பக்கத்து வீட்டு அலை நம் வீட்டுக்குள் வராது. பயன்படுத்துபவர் மிகுந்த இடத்தில் தொலைவு எட்டாத பட்டைதான் நல்ல பட்டை என்பது என் கருத்து.

5 பட்டையில் 5250 முதல் 5350 வரையிலும், 5470 முதல் 5725 வரையிலும் உள்ள தடங்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. பல நாடுகளின் விதிப்படி, திசைவி அங்கே நுழையும்முன் குறைந்தது ஒரு நிமிடம் ரேடார் ஒலிக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டால் உடனே விலக வேண்டும். திசைவியை அணைத்துப் போட்டதும் 2.4 பெயர் முதலிலும் 5 பெயர் தாமதமாகவும் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். 36 முதல் 48 வரையும் 149 முதல் 165 வரையும் உள்ள தடங்களில் இந்தக் காத்திருப்பு இல்லை.

இந்தியாவில் விதிகள்

அமெரிக்கா 1985-இல் தொழில், அறிவியல், மருத்துவப் பட்டைகளை உரிமமின்றித் தகவல் தொடர்புக்குத் திறந்துவிட்டது. முதல் 802.11 தரம் 1997-இல் வந்தது; வேகம் 2 மெகாபிட். இந்தியாவில் 2005 சனவரியில் 2.4 பட்டை உரிம விலக்குப் பெற்றது. அப்போது 5 ஜிகாஹெர்ட்ஸின் ஒரு பகுதி கட்டடங்களுக்கு உள்ளே மட்டும் அனுமதிக்கப்பட்டது. 2018 அக்டோபரில்தான் 5150–5350, 5470–5725, 5725–5875 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் வெளியிடங்களுக்கும் சேர்த்துத் திறக்கப்பட்டன. முன்னே சொன்ன 605 மெகாஹெர்ட்ஸ் இவற்றின் கூட்டுத்தொகை. 2020 திசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டத்தின்கீழ் பெட்டிக்கடைக்காரரும் பொது வைஃபை வழங்குவது இந்த உரிமம் வேண்டாத பட்டைகளில்தான்.

6 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையை அமெரிக்கா 2020 ஏப்ரலில் 1200 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குத் திறந்தது. இந்தியா 2025 மே மாதம் 5925 முதல் 6425 வரையான 500 மெகாஹெர்ட்ஸுக்கு வரைவு விதிகளை வெளியிட்டது. வீட்டுக்குள் குறைந்த சக்தியிலும், வெளியே மிகக் குறைந்த சக்தியிலும் பயன்படுத்தலாம் என்பது வரைவின் சாரம். பட்டையின் மேற்பகுதியைச் செல்பேசி நிறுவனங்கள் தங்களுக்குக் கேட்டு வருகின்றன. தூரம், சுவர் ஆகியவற்றில் 6 பட்டை 5-ஐ ஒத்தது, சற்றே பின்தங்கியது. அதன் சிறப்பு, பழைய கருவிகளின் நெரிசல் இல்லாத புதிய இடம் என்பது.

மலையும் நெடுந்தூர இணைப்பும்

தமிழ்நாட்டில் வைஃபை அலையை வீட்டுக்கு வெளியே நெடுந்தூரம் கொண்டுசென்ற முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது தேனியில் நடந்தது. 2000-களின் நடுப்பகுதியில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களின் கண் மையங்களுடன், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வுக் குழுவினர் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை மூலம் இணைத்தனர். உயரக் கம்பங்களில் திசை நோக்கும் ஆன்டெனாக்கள். சில இணைப்புகள் 15 கிலோமீட்டர் வரை நீண்டவை. கிராமத்து நோயாளி தன் ஊர் மையத்திலேயே உட்கார்ந்து, தேனியில் உள்ள மருத்துவரிடம் படத்தொடர்பில் கண்ணைக் காட்டினார். ஒரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் இழந்து போக வேண்டிய பயணம் அவருக்கு மிச்சமாயிற்று.

அங்கே அலையின் வலிமை சிக்கலாக இருக்கவில்லை, நேரம்தான் சிக்கல். வைஃபையில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற பதில் வர வேண்டும். அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் செல்லும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100 மைக்ரோ நொடி ஆகும். வீட்டளவுக்கு வடிவமைத்த கருவி அதற்குள் பொறுமையிழந்து, பதில் வரவில்லை என்று மறுபடி அனுப்பிவிடும். அக்குழுவினர் முறை வைத்துப் பேசும் நேரப் பங்கீட்டு ஏற்பாட்டைச் செய்து இதைத் தீர்த்தனர். 2007-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுரை இத்துறையில் பரவலாக அறியப்பட்டது. அதே 2007-இல் வெனிசுவேலாவில் மலை உச்சிகளுக்கிடையே 382 கிலோமீட்டருக்கு 2.4 வைஃபை இணைப்பு செய்து காட்டப்பட்டது.

இத்தகைய இணைப்புக்குப் பார்வைக் கோடு தேவை. கோடு மட்டும் போதாது, கோட்டைச் சுற்றி ஓர் உருளை போன்ற வெளியும் தடையின்றி இருக்க வேண்டும். 5 கிலோமீட்டர் இணைப்பின் நடுவில் அந்த வெளியின் ஆரம் 2.4-இல் 12.5 மீட்டர், 5.8-இல் 8 மீட்டர். பனந்தோப்பின் மேலாக அலையை அனுப்ப வேண்டுமானால் 5.8-க்குக் கம்பம் சற்றுக் குட்டையாக இருந்தாலும் போதும். இது உயர் அதிர்வெண் வெல்லும் இன்னோர் இடம். செஞ்சியில் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகள் ஊரைச் சூழ்ந்திருப்பதால் நேர்க்கோடு கிடைக்காத இடங்களே அதிகம். குன்றின் மறுபக்கத்துக்கு எந்தப் பட்டையைக் கொண்டும் நேரே போக முடியாது. கம்பிதான் போக வேண்டும்.

வீட்டில் சோதித்தல்

திட்டத்தை மாற்றும் முன் செய்யவேண்டிய சோதனை எளியது. திசைவி இருக்கும் அறையிலேயே, அதிலிருந்து இரண்டு மூன்று மீட்டரில் நின்று, செல்பேசியை 5 பட்டையில் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். அங்கே கட்டணத்துக்குரிய வேகம் வந்தால் நிறுவனத்தின் மேல் குறையில்லை. வராவிட்டால் நிறுவனத்திடம் முறையிடலாம். பிறகு அதே இடத்தில் 2.4-இல் இணைத்து அளக்க வேண்டும். அதன்பின் பிள்ளை படிக்கும் அறைக்குச் சென்று இரண்டையும் அளக்க வேண்டும். நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதினால் எங்கே இழப்பு என்று தெரிந்துவிடும். வைஃபை வலிமையை எண்ணாகக் காட்டும் இலவசச் செயலிகளும் உண்டு. அவை குறை எண்களில் காட்டும்: −50 என்றால் மிக நன்று, −67 வரை படத்தொடர்புக்குப் போதும், −80-ஐ எட்டினால் இணைப்பு பெயருக்குத்தான்.

இரண்டு பட்டைகளுக்கும் ஒரே பெயர் வைத்தால் செல்பேசி தானே தேர்ந்துகொள்ளும் என்பார்கள். பல செல்பேசிகள் சரியாகவே தேரும். சில, மாடியில் பிடித்த 2.4-ஐக் கூடத்துக்கு இறங்கி வந்த பின்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். முதியவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஒரே பெயர் வசதி. சோதிக்க விரும்புபவர் தனித்தனிப் பெயர் வைப்பது நல்லது.

இடம்மாற்றம் செலவில்லாத மருந்து. திசைவி தலைமட்டத்துக்கு மேல், திறந்த அலமாரியில், வீட்டின் நடுவில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கம்பி இழுக்க வந்தவர் தன் வேலை எளிதாக வேண்டும் என்று தெருவாசல் மூலையில், பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் பொருத்திவிட்டுப் போனார். மாடியில் என் பெயர்த்தியின் பயிற்சி வகுப்பு நாளுக்கு மூன்று முறை அறுந்தது. கூடத்துச் சன்னலருகே, மாடிப்படி திறக்கும் பக்கமாக மாற்றியதும் அறுவது நின்றது; வேகம் மட்டும் அவ்வளவாகக் கூடவில்லை. ஏனெனில் மாடியில் அவளுக்கு எட்டியது 2.4-தான்.

வேகமும் வேண்டும் என்றால் அலையைத் தளத்தின் ஊடாகத் தள்ளப் பார்க்காமல், கம்பியை மாடிக்குக் கொண்டுபோவதே நிலையான வழி. ஈதர்நெட் கம்பி ஒன்றை மாடிப்படிச் சுவரோரமாக இழுத்து, மேலே இன்னொரு சிறு அலைபரப்பியை வைத்தால், அந்த அறைக்கு 5 பட்டை முழுமையாகக் கிடைக்கும். கம்பியின்றி அலையைப் பிடித்து மறுபடி அனுப்பும் நீட்டிப்பான்கள் விலை குறைவு. ஆனால் ஒரே பட்டையில் கேட்டதையே திரும்பச் சொல்பவை வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கும். அவற்றையும் பிள்ளையின் அறையில் வைக்கக் கூடாது. அலை இன்னும் நன்றாக எட்டும் மாடிப்படித் திருப்பத்தில் வைக்க வேண்டும். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.